நொதி கோக்கும் சங்கிலி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை ஆண்டுகளாக அறுவை அரங்கில் கையாண்டுவரும் கரையும் தையல் இழையைப் பற்றி, அதைத் தயாரிக்கும்போது சேர்க்கும் உலோகம் நோயாளியின் உடலில் என்ன ஆகிறது என்று கேட்டிருந்தாய். ஆய்வகத்தில் என் நாள்களும் இந்தக் கேள்வியைச் சுற்றியே கழிகின்றன. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பாலிலாக்டிக் அமிலம் போன்ற பாலிமர்களை, அதாவது சிறு மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிகளை, ஆலைகளில் பெரும்பாலும் வெள்ளீயச் சேர்மம் ஒன்றை வினையூக்கியாகக் கொண்டு, 130 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் தயாரிக்கிறார்கள். முடிந்தவரை சுத்திகரித்தாலும் வெள்ளீயம் மிகச் சிறிதளவு தங்கிவிடுகிறது. அந்த அளவுக்கு வரம்பு விதித்துத்தான் அனுமதிக்கிறார்கள் என்பதால் நீ அஞ்ச வேண்டியதில்லை. ஆனாலும், பாலிமர் லாக்டிக் அமிலமாகச் சிதைந்து, கடைசியில் கரியமில வாயுவும் நீருமாக வெளியேறிவிட, உலோகம் மட்டும் சிதைய வழியின்றி நிற்கிறது என்பது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நொதியின் பக்கம் நான் வந்தது இதனால்தான். லிப்பேஸ் நம் குடலில் செய்யும் வேலை உனக்குத் தெரியும்: நீரின் துணையோடு கொழுப்பின் எஸ்டர் பிணைப்பை அறுப்பது. நீரை அகற்றிவிட்டால் அதே நொதி அதே பிணைப்பைக் கட்டத் தொடங்கிவிடுகிறது. 1993-ல் ஜப்பானிலும் இஸ்ரேலிலும் இரு குழுக்கள் தனித்தனியே இந்த வழியில் காப்ரோலாக்டோன் என்ற வளைய வடிவ மூலக்கூறைத் திறந்து, எஸ்டர் பிணைப்புகளால் கோத்த பாலிமராக, அதாவது பாலியெஸ்டராக, ஆக்கிக் காட்டின. நாங்கள் பயன்படுத்துவது கேண்டிடா அண்டார்க்டிகா என்ற ஈஸ்டின் லிப்பேஸ். அதன் 105-ஆவது இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலம், அந்த வளையத்தைத் திறந்து தன்னோடு பிணைத்துக்கொள்ளும். பிறகு, வளரும் சங்கிலியின் நுனியிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியிடம் அதைக் கொடுத்துவிட்டு அடுத்த வளையத்துக்குத் தயாராகிவிடும்.

நொதியைச் சிறு பிசின் மணிகளில் ஏற்றி, உலர்ந்த டொலுவீன் என்ற கரைப்பானில் 70 டிகிரியில் கலக்குகிறோம். தண்ணீர்போல் ஓடிக்கொண்டிருந்த கரைசல் சில மணி நேரத்தில் தேன்போல் கெட்டியாகி, கலக்கியின் வேகம் தானாகவே குறைகிறது. மணிகளை வடிகட்டிவிட்டுக் குளிர்ந்த மெத்தனாலில் ஊற்றினால் வெண்ணிறச் செதில்களாகப் பாலிமர் படிகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

எங்களைப் படுத்துவது நீர்தான். ஒவ்வொரு நீர் மூலக்கூறும் ஒரு புதிய சங்கிலியைத் தொடங்கிவைப்பதால், ஈரம் கூடக்கூடச் சங்கிலிகளின் எண்ணிக்கை பெருகி நீளம் குறைகிறது. சென்ற மாதம் மோனோமரை, அதாவது சங்கிலியாகக் கோக்கப்படும் வளைய மூலக்கூறை, சரியாக உலர்த்தாமல் விட்டுவிட்டேன். கையில் கிடைத்தது இழையாக இழுக்க முடியாத, விரலால் அழுத்தினால் நொறுங்கும் மெழுகு. ஆனால் நொதியை முற்றிலும் வறட்டிவிடவும் முடியாது. அதன் வடிவம் குலையாமலிருக்கத் துளி ஈரம் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கப் பழகுவதற்கே எனக்கு ஓராண்டு ஆயிற்று.

என்னை மிகவும் ஈர்த்தது இன்னொன்று. பென்டாடெகாலாக்டோன் போன்ற 16 அணுக்கள் கொண்ட பெரிய வளையத்தில் இறுக்கம் குறைவு என்பதால், வழக்கமான வினையூக்கிகள் அதைத் தயங்கித் தயங்கித்தான் திறக்கும். கொழுப்பின் நீண்ட சங்கிலிக்குப் பழகிய லிப்பேஸோ சிறு வளையங்களைவிட அதையே விரைந்து ஏற்கிறது. கிளிசராலைச் சேர்த்தால், அதன் இரு நுனிகளிலுள்ள ஹைட்ராக்சில்களையே பெரும்பாலும் பிடித்துக்கொண்டு நடுவிலுள்ளதை விட்டுவைக்கிறது. அந்த இடத்தில் பின்னர் ஒரு மருந்து மூலக்கூறைப் பொருத்தலாம். இதையே சாதாரண வேதியியல் வழியில் செய்வதென்றால், நடு ஹைட்ராக்சிலை முதலில் மறைத்துப் பிறகு திறந்துவிடும் கூடுதல் படிகள் வேண்டும்.

ஆனாலும், வெள்ளீயத்தை எல்லா இடத்திலும் நொதியால் மாற்றிவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். பாலிலாக்டிக் அமிலத்துக்கு மூலப்பொருளான எல்-லாக்டைடு வளையத்தை இந்த லிப்பேஸ் வேண்டாவெறுப்பாகத்தான் தொடுகிறது. மருந்தைச் சுமக்கும் மென்மையான பொருள்களில்தான் அதற்கு உண்மையான இடம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆனால் நொதி செய்த இழை உன் துறைக்கு ஏற்கனவே வந்துவிட்டது. பாலி-4-ஹைட்ராக்சிபியூட்டிரேட் என்ற பாலிமரை, மரபணு மாற்றிய ஈ.கோலை பாக்டீரியா தன் உடலுக்குள்ளேயே நொதியால் கோத்துச் சேமிக்கிறது. அதிலிருந்து இழுத்த தையல் இழைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007-ல் அனுமதி அளித்தது. கண்ணாடிக் குடுவையில் நாங்கள் பாடுபடும் வேலையை ஒரு செல் அமைதியாகச் செய்துமுடிப்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

எனக்கு உன்னிடமிருந்து ஒன்று தெரிய வேண்டும். வயிற்றுச் சுவரைத் தைத்த பிறகு, இழை எத்தனை வாரம் வரை முழு வலுவோடு தாங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறாய்? நூல்களில் உள்ள எண்ணை நான் படித்திருக்கிறேன். உன் கை அறிந்ததை எழுது. அடுத்த தொகுதியின் சங்கிலி நீளத்தை அதைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய நினைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்