ஏரி மீன் திங்கலாமா கூடாதான்னு எழுத்துல சொல்லுங்க அய்யா – நாலாவது மனு

அனுப்புநர்: ஏரி மீன் குத்தகைக் குழுவுல ஒருத்தன், குறிஞ்சிப்பாடி பக்கம், கடலூர் மாவட்டம்.
பெறுநர்: உயர்திரு அதிகாரி அய்யா அவர்கள்.
பொருள்: ஏரியில பச்சைப்பாசி பொங்கினது, தண்ணியையும் மீனையும் டெஸ்ட் பண்ணித் தரக் கேட்டு.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். சித்திரையில ஒரு மனு, ஆனியில ஒண்ணு, ஆடிப்பெருக்குக்கு மறுநாள் ஒண்ணு குடுத்தோம். மூணுக்கும் ரசீது இருக்கு, பதில் வரல. எங்க ஏரி உங்களுக்கு தெரியாத ஏரி இல்ல. அய்யனார் கோயில் தாண்டி சின்ன மதகு, அங்க நின்னுதான் போன வருஷம் மீன் குஞ்சுப் பையை முதல்ல நீங்க பிரிச்சு தண்ணியில விட்டீங்க, உங்க கைராசின்னு எங்க ஆளுங்க அன்னைக்கு சந்தோஷப்பட்டாங்க. அந்த குஞ்சுங்களப் பத்திதான் இந்த மனு.

1. தண்ணி பச்சை பெயிண்ட் கொட்டுனாப்ல ஆடை கட்டி நிக்குது. கைய விட்டு எடுத்தா விரல்ல ஒட்டுது. காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தக் கரையில போயி குவிஞ்சு அழுகுது.

2. காரணம் ஊருக்கே தெரியும். கடைத்தெரு சாக்கடை வாய்க்கால்ல வந்து விழுது, வயல்ல போடுற யூரியா, டிஏபி எல்லாம் மழையில கரைஞ்சு இங்கதான் வருது. மறைக்க ஒண்ணுமில்ல, நாங்களும் மொத வருஷம் கோழி எரு போட்டோம், இப்ப நிறுத்திட்டோம். வீராணத்துக்காவது கீழணையிலேர்ந்து வடவாத்துல தண்ணி வந்து போகும், நம்ம ஏரிக்கு மழைய விட்டா வேற வழியில்ல, தேங்கின தண்ணி தேங்கினதுதான்.

3. வெடியகாலம் 5 மணிக்கு கட்லாவும் ரோகுவும் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து காத்து குடிக்குது. பாசி பகல்ல வெயிலு பட்டா ஆக்சிஜன் விடும், ராத்திரியில அதுவே இழுத்துக்கும், அதனால விடியும்போதுதான் தண்ணியில ஆக்சிஜன் ரொம்ப கொறைச்சல். மேகமூட்டம் ரெண்டு நாள் சேந்தாப்ல இருந்தா அவ்வளவுதான், மறுநாள் காலையில வெள்ளையா மெதக்கும். விராலும் தேளி மீனும் வெளிக் காத்த குடிச்சு தாங்கிக்குது, நாம விட்டது அதுங்க இல்லையே. ஆனியில ஒரு சார் வந்தாரு, மதியம் 12 மணிக்கு. தண்ணியில மருந்து விட்டு பாத்துட்டு ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்குன்னு சொல்லிட்டு போயிட்டாரு. மதியம் நல்லாத்தாங்க இருக்கும்! காலையில வாங்கன்னு அன்னைக்கே கெஞ்சினோம்.

4. செத்தத விடுங்க, பொழச்ச மீன்தான் எங்கள சாகடிக்குது. கொழம்பு வச்சா சேத்து வாடை, பாசி வாடை, எவ்வளவு புளி ஊத்துனாலும் போகல. எங்கம்மாவுக்கு 62 வயசு, 30 வருஷமா இதே ஏரி மீன கூடையில வச்சு தெருத் தெருவா விக்குது, ஒருத்தர்கிட்டயும் கெட்ட பேரு வாங்கினது கிடையாது. போன வாரம் வாடிக்கையா வாங்குற வீட்டு அம்மா வச்ச கொழம்ப சட்டியோட கொண்டாந்து எங்க திண்ணையில வச்சிட்டு, காசு வேணாம் இத நீயே வச்சுக்கன்னு சொல்லிட்டு போனாங்க. எங்கம்மா அந்த சட்டிய பாத்துக்கிட்டே உக்காந்திருந்துச்சு, அன்னைக்கு சோறு திங்கல. மறுநாள் வேற தெருவுக்கு போச்சு, அங்கயும் ஏரி மீனான்னு கேட்டு கதவ சாத்துறாங்க, விஷ மீனுன்னு வாட்சப்புல வேற போட்டுட்டாங்க. வியாபாரியும் பாதி விலைக்குதான் கேக்குறாரு, அதுவும் நெய்வேலிக்கு கொண்டு போயி ஊரு பேர சொல்லாம வித்துக்குறேன்னு சொல்றாரு, அந்த மாதிரி விக்க எங்களுக்கு மனசு வரல அய்யா.

பரங்கிப்பேட்டையில படிச்ச எங்க பங்காளி மவன் சொன்னான், அந்த மண் வாடை வேற, விஷம் வேற, வாடைய உண்டாக்குற பொருள் ஆளக் கொல்லாது, நல்ல தண்ணியில சில நாள் போட்டு வச்சா மீன்லேர்ந்து வாடை கொறையும்னு. ஆனா நீலப்பச்சைப் பாசியில சில வகை நெசமாவே விஷம் விடும், அது மீனோட ஈரல் குடல்ல சேரும், கொதிக்க வச்சாலும் போகாதாம். இதுல எந்த வகை எங்க ஏரியில இருக்குன்னு கண்ணால பாத்து சொல்ல முடியாது, டெஸ்ட்டுதான் பண்ணணும். விஷம் இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க, எங்கம்மா தலை நிமிந்து கூடைய தூக்கும். இருக்குன்னா அதையும் சொல்லுங்க, நாங்களே வலைய சுருட்டி வச்சிடுறோம், ஊராமூட்டு புள்ளைங்களுக்கு விஷத்த வித்து எங்க புள்ளைங்களுக்கு சோறு போட மாட்டோம். ஒண்ணுமே சொல்லாம இருந்தா நாங்க என்னன்னு கூவி விக்கிறது?

5. பாசி சாக மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கொட்டுன்னு ஆளாளுக்கு சொல்றாங்க. கொட்டல. எல்லா பாசியும் ஒரே நாள்ல செத்து அழுகுனா இருக்குற ஆக்சிஜனும் போயிடும், பாசிக்குள்ள இருக்குற விஷமும் தண்ணியில எறங்கிடும். ஆடு மாடு வேற அங்கதான் தண்ணி குடிக்குது.

6. வீராணம் தண்ணிய வடக்குத்துல சுத்தம் பண்ணி மெட்ராசுக்கு அனுப்ப முடியுது. பாசிய மைக்ராஸ்கோப்புல பாத்து பேரு சொல்ற அண்ணாமலை பல்கலைக்கழக ஆளுங்க பரங்கிப்பேட்டையிலயே இருக்காங்க, இதே மாவட்டம். ஒரு பாட்டில் தண்ணி அங்க போயி சேர நாலு மாசமா அய்யா? கோவத்துல சொல்லல, மன்னிச்சிடுங்க, கோவம்தான், ஆனா வேற யார்கிட்ட போயி கேப்போம்.

தாழ்மையோட கேட்டுக்குறது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு நாள் வெடியகாலம் 5 மணிக்கு வாங்க, மதியம் வேணாம். தண்ணியும் மீனும் எடுத்துட்டு போயி டெஸ்ட் பண்ணி, திங்கலாமா கூடாதான்னு கையெழுத்து போட்டு குடுங்க. சாக்கடைய திருப்புறது, தண்ணியில காத்து ஏத்துற ஏர் மிஷின் போடுறது எல்லாம் அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல இத சொல்லுங்க அய்யா, திங்கலாமா கூடாதா.

இப்படிக்கு,
குத்தகைக் குழுவுக்காக.

இணைப்பு: ரசீது நகல் 3. இன்னைக்கு காலையில சின்ன மதகுல புடிச்ச தண்ணி 1 பாட்டில்.