பாப்பாவுக்கு, பெல்ட் விஷயமாக

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

எடை தூக்கும்போது இடுப்பில் கட்டிக்கொள்ள எதை வாங்கலாம் என்று நீ அனுப்பிய மூன்று பெல்ட் படங்களையும் உன் தம்பி பெரிதாக்கிக் காட்டினான். போனில் சொன்னால் பாதியில் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த ரோஸ் நிறப் பெல்ட்டை விட்டுவிடு. முதுகுப் பக்கம் அகலம், வயிற்றுப் பக்கம் ஒடுக்கம், உள்ளே மெத்தென்று பஞ்சு. பார்க்க அழகுதான். ஆனால் பெல்ட்டின் வேலையே வயிற்றுப் பக்கம்தான் இருக்கிறது. அங்கே ஒடுக்கிவிட்டு முதுகில் அகலம் காட்டி என்ன பயன்?

பெல்ட் முதுகைப் பிடித்து நிறுத்துகிறது என்றுதான் நானும் ரொம்ப காலம் நினைத்திருந்தேன். அப்படியில்லை. மூச்சை நிறைய இழுத்து அடக்கும்போது வயிறு நாலு பக்கமும் உப்புகிறது. அந்த உப்பலுக்குப் பெல்ட் ஒரு சுவர். சுவரில் மோதும் அழுத்தம் உள்ளேயே நின்று, முதுகுத்தண்டுக்கு முன்பக்கத்திலிருந்து முட்டுக் கொடுக்கிறது. லாரி டியூப் டயருக்குள் இருக்கும்வரைதான் பாரம் தாங்கும். வெளியே எடுத்துப் போட்டால் வெறும் பலூன். மூச்சு அடக்கத் தெரியாதவருக்குப் பெல்ட் என்பது காற்றில்லாத டியூபுக்கு மேல் மாட்டிய டயர். ஆகவே பெல்ட் இல்லாமல் ஒரு மாதம் மூச்சைப் பழகு. யாரோ வயிற்றில் குத்த வருகிறார்கள் என்று நினைத்து இறுக்கு. முன்பக்கம் மட்டுமில்லாமல் விலாவும் முதுகும்கூட வெளியே தள்ள வேண்டும். உன் பாட்டியின் ரத்த அழுத்தம் நம் குடும்பத்தில் ஓடுகிறது. மூச்சை அடக்கித் தூக்கும்போது அது இன்னும் ஏறும். ஒருமுறை பரிசோதித்துவிட்டுத் தொடங்கு.

இதையெல்லாம் நான் பட்டுத்தான் சொல்கிறேன். 1998இல் தோல் பதனிடும் டேனரியில், உப்புப் போட்ட பச்சைத்தோல் இறக்கிக்கொண்டிருந்தேன். ஈர எருமைத் தோல் ஒன்றே நல்ல பாரம். இடுப்பு வலிக்கிறது என்று மருந்துக் கடையில் ஒரு எலாஸ்டிக் பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கட்டியதும் ஒரு தைரியம் வந்தது பார், அதுதான் கெடுத்தது. ஒன்று தூக்கும் இடத்தில் இரண்டைச் சேர்த்துத் தூக்கி, அப்படியே இடுப்பைத் திருப்பினேன். மூன்று வாரம் பாயில் படுத்திருந்தேன். நீ அப்போது கைக்குழந்தை. உன்னைத் தூக்கிக்கொள்ளக்கூட முடியவில்லை. அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் என்ற அரசு நிறுவனம், நல்ல உடம்புள்ள தொழிலாளிக்கு இடுப்புப் பெல்ட் காயத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 1994லேயே சொல்லியிருக்கிறதாம். உன் தம்பி தேடிப் படித்துக் காட்டினான். எனக்கு நாலு வருடம் முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள், ஆம்பூருக்குத்தான் வந்து சேரவில்லை.

சரி, மீதி இரண்டு பெல்ட். இரண்டும் 10 சென்டிமீட்டர் அகலம், சுற்றிலும் ஒரே அளவு. வலுதூக்கும் போட்டிக்கு, அதாவது பவர்லிஃப்டிங்குக்கு, நீ போவதாக இருந்தால் சர்வதேச விதி அதுதான்: அகலம் 10 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது, தடிமன் 13 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, பஞ்சு வைக்கக்கூடாது. நம் வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் காமன்வெல்த் போட்டிகளில், 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்டுகோஸ்டிலும் தங்கம் வாங்கியது பளுதூக்குதல், தலைக்கு மேல் தூக்கும் வேறு விளையாட்டு. அதற்கு விதி வேறு, 12 சென்டிமீட்டர் வரை விடுகிறார்கள். கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகப் பேசினால் குழம்பாதே.

13 மில்லிமீட்டர் உனக்கு வேண்டாம். பழகி வளைவதற்குள் இடுப்பெலும்பு கன்றிப்போகும். 10 மில்லிமீட்டர் தடிமன் போதும். நெம்புகோல் போல் மடக்கிப் பூட்டும் கொக்கி ஒரு சொடுக்கில் பூட்டும், ஒரு சொடுக்கில் கழலும், ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அளவை மாற்ற ஸ்குரூ டிரைவர் தேடவேண்டும். நீ ஆம்பூர்ப் பெண். காலையில் ஒரு இடுப்பு, பிரியாணிக்குப் பிறகு வேறு இடுப்பு. ஒற்றை முள் கொக்கியே எடு. இரட்டை முள் இன்னும் பலம் என்பார்கள். இரண்டையும் துளையில் மாட்டுவதற்குள் இருக்கிற பொறுமை போய்விடும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். "அசல் தோல்" என்று அச்சடித்திருப்பதை நம்பாதே. வெட்டிய ஓரத்தைப் பார். மரப்பட்டையில் பதனிட்ட தோல் மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பாக இருக்கும். குரோம் உப்பில் பதனிட்டதென்றால் பெரும்பாலும் நடுவில் நீலச் சாம்பல் ஓடும். அது செருப்பு மேல்பாகத்துக்கும் கைப்பைக்கும் நல்லது, பெல்ட்டுக்குக் குழைவு அதிகம். ஓரத்தில் நகத்தால் கீறிப் பார். நார் நாராக எதிர்த்தால் தோல். பொடிப்பொடியாக உதிர்ந்தால், டேனரியில் நாங்கள் சீவித் தள்ளும் தூளைப் பசையோடு அழுத்திச் செய்த அட்டை. அதற்கு மேலே மெல்லிய தோலை ஒட்டி விற்பார்கள். பிறகு கொக்கியிலிருந்து தள்ளி ஓரிடத்தில் வளைத்து, கட்டைவிரலால் அழுத்து. நல்ல தோல் முறுக்கிக்கொண்டு திரும்பி வரும். விலங்கின் முதுகுப் பகுதித் தோல் அப்படித்தான். வயிற்றுப் பகுதித் தோல் இழுத்த இழுப்புக்கு நீண்டு கொடுக்கும், ஆறு மாதத்தில் துளைகள் முட்டை வடிவமாகிவிடும். மூக்கருகே வைத்து முகர்ந்தும் பார். தோல் பதனிடும் ஆவாரம்பட்டை வாசனை உனக்கு மறந்திருக்காது. சின்ன வயதில் என் சட்டையில் அதைத்தான் முகர்ந்துகொண்டு தூங்குவாய்.

புதுப் பெல்ட் விறைப்பாக இருக்கிறது என்று எண்ணெய் தடவிவிடாதே, கொழகொழத்துப்போகும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சுருட்டி வை. வேர்வையை நிழலில் உலர்த்து, வெயிலில் வேண்டாம்.

கட்டும்போது கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் உட்கார வேண்டும். நீ உன் அம்மாவைப் போல் கட்டை உடம்பு. குனியும்போது விலாவில் குத்தினால் ஏழரை சென்டிமீட்டர் பெல்ட்டும் கிடைக்கிறது, வெட்கப்படாமல் அதைக் கேள். கட்டிய பிறகு ஒரு விரல் நுழையும் இடம் இருக்கட்டும். இல்லாவிட்டால் வயிறு உப்ப இடம் ஏது? வார்ம்-அப்புக்கெல்லாம் கட்டாதே. உன்னால் தூக்க முடிந்ததில் 80 சதவீதம் தாண்டும்போது எடுத்தால் போதும்.

பேன்ட் அளவைப் பார்த்து ஆர்டர் போடாதே. தொப்புளுக்கு நேராக டேப்பை வைத்து, மூச்சை விட்டு அளந்து எனக்கு எழுது. நடுத் துளையில் அந்த அளவு வர வேண்டும். பணம் நான் அனுப்புகிறேன்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தனை கிலோ தூக்குகிறாளாம்?" என்று கேட்கிறாள். 40 என்று சொல்லியிருக்கிறேன். உண்மைக் கணக்கைத் தீபாவளிக்கு வரும்போது நீயே சொல்லிக்கொள்.

அன்புடன்,
அப்பா