வேலியில் கறுப்புப் பழம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் எடுத்துப் படிக்கிறேன், பதில் எழுத மட்டும் கை வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே. நான் நன்றாக இருக்கிறேன். முன்பிருந்ததைவிடச் சின்ன அறைக்கு மாறியிருக்கிறேன். சின்ன அறை சீக்கிரம் சூடாகிவிடுகிறது, அது ஒரு வசதி.

அம்மாவின் சர்க்கரை நோய்க்கு வாங்கலாமா என்று அத்தான் கேட்டிருந்த அரோனியா மாத்திரைக்கு முதலில் வருகிறேன். அந்தச் செடியை நான் தினமும் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டியின் வேலியே அதுதான். இங்கே அழகுக்காகத்தான் வளர்க்கிறார்கள். வசந்தத்தில் வெள்ளைப் பூ. இலை உதிரும் முன் செடி முழுக்கச் செக்கச் சிவப்பாகிவிடும், நடுவில் பட்டாணி அளவில் கொத்துக் கொத்தாகக் கறுப்புப் பழம்.

பாட்டி யாரோடும் அதிகம் பேசமாட்டார். ஆனால் தோட்டத்தில் ஒவ்வொரு செடிக்கும் நூல் கட்டியிருக்கிறார். பழத்தைத் தின்னலாம் என்றால் வெள்ளை நூல், தின்னக்கூடாது என்றால் சிவப்பு. பேரப்பிள்ளைகள் வந்தால் தெரிய வேண்டுமாம். அரோனியாவுக்கு வெள்ளை. நீலப் பழத்தின்மேல் சாம்பல் பூத்த மஹோனியாவுக்கும் வெள்ளை. கோட்டோனியாஸ்டருக்கும் ஹாலிக்கும் சிவப்பு. யூ செடிக்கு மட்டும் மூன்று சிவப்பு நூல். அதன் சிவந்த சதையில் விஷம் இல்லை, ஆனால் உள்ளே இருக்கும் விதையும் இலையும் இதயத்தையே நிறுத்திவிடும். பழத்தின் நிறத்தை வைத்து எதையும் நம்பக்கூடாது என்று அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். நான் வந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது, பேரப்பிள்ளைகள் இன்னும் வரவில்லை. வெளுத்த நூலை அவிழ்த்துவிட்டுப் புது நூல் கட்டிக்கொண்டே இருக்கிறார்.

அரோனியாவை முதல்முறை தின்றபோது நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. அப்படி ஒரு துவர்ப்பு. அதில் இருக்கும் புரோஆந்தோசயனிடின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் வறண்டுபோகிறது. பறவைகள்கூட வேறு பழமெல்லாம் தீர்ந்த பிறகுதான் அதைத் தேடி வருகின்றன. கறுப்பு நிறம் ஆந்தோசயனின்கள் என்ற நிறமிகளால் வருவது. இரண்டுமே ஆன்டிஆக்சிடன்ட், அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை. சாதாரணமாக நாம் தின்னும் பழங்களைவிட இதில் அவை மிக அதிகம், அது உண்மைதான்.

நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். டிபிபிஹெச் என்று ஒரு கரைசல், நல்ல ஊதா நிறம். அதில் பழச்சாற்றைக் கொஞ்சம் விட்டால் ஊதா மங்கி மஞ்சளாகிவிடும். எவ்வளவு மங்குகிறது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் அளந்து, ஆன்டிஆக்சிடன்ட் பலத்தைக் கணக்கிடுவார்கள். முதல்நாள் பார்த்தபோது எனக்கு மந்திரம்போல இருந்தது.

ஆனால் அக்கா, அது கண்ணாடிக் குழாய், அம்மாவின் உடம்பு இல்லை. தின்ற ஆந்தோசயனினில் கொஞ்சம்தான் அப்படியே ரத்தத்தில் சேர்கிறது. மீதி குடலிலேயே வேறு பொருளாக மாறிவிடுகிறது. எந்த உணவில் எவ்வளவு ஆன்டிஆக்சிடன்ட் பலம் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை வைத்திருந்த ஓஆர்ஏசி பட்டியலை 2012இல் அவர்களே எடுத்துவிட்டார்கள். அந்த எண்களைக் காட்டி மாத்திரையும் பொடியும் விற்கிறார்கள், உடம்புக்கு வரும் பலனை அவை சொல்வதில்லை என்பதுதான் காரணம். அரோனியாவை வைத்துச் சர்க்கரைக்குச் சின்னச் சின்னச் சோதனைகள் நடந்திருக்கின்றன. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடலாம் என்று சொல்ல அவை போதாது. அத்தான் அக்கறையோடுதான் கேட்டார், எனக்குத் தெரியும். வாங்க வேண்டாம் என்று நான் சொன்னதாகப் பக்குவமாகச் சொல்லு.

நேற்று பாட்டிக்குப் பழம் பறித்துக் கொடுத்தேன். விரலெல்லாம் ஒரே கறை. அறைக்கு வந்து சோப்பு போட்டதும் அந்தச் செந்நிறம் நீலமாக மாறியது. சோப்பின் காரம் பட்டால் ஆந்தோசயனின் அப்படித்தான் மாறும். பேனா மை கொட்டிக்கொண்டு வந்து நின்ற என்னைக் கிணற்றடியில் உட்காரவைத்து, ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிட்ட அம்மாவின் கை ஞாபகம் வந்துவிட்டது. குழாயை மூடாமல் ரொம்ப நேரம் அப்படியே நின்றேன். அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

சரி, வீட்டு விஷயம். சித்தப்பா பின்பக்கச் சுவரைத் தள்ளிக் கட்டப்போவதாக எழுதியிருந்தாய். அளந்து கல் நடும் வரைக்கும் எதிலும் கையெழுத்துப் போடாதே. அப்பா வைத்திருந்த பழைய பத்திரம் இரும்புப் பெட்டியில் அடியில் இருக்கும், இரண்டு நகல் எடுத்து ஒன்றை எனக்கு அனுப்பு. செல்வியின் கல்லூரிப் பணத்தை இந்த மாதம் மட்டும் இருபதாம் தேதிக்குமேல் அனுப்புகிறேன். வங்கிக் கணக்கை மாற்றியிருக்கிறேன், அதனால்தான், வேறொன்றும் இல்லை.

அப்புறம், அம்மாவுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பார்த்து எவ்வளவு என்று எழுது. காலை மாத்திரையை நீயே எடுத்துக் கொடு, விழுங்கும் வரைக்கும் பக்கத்திலேயே இரு.

அன்புடன்,
தம்பி