துண்டு காயும் இடத்தில் ஆள் இருப்பான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், கஜா புயலுக்குப் பிந்தைய பட்டுக்கோட்டை வட்டாரம் பற்றிய கட்டுரையோடு நீங்கள் வெளியிட்ட படம் மதுக்கூர் பக்கம் உள்ள என் தோப்பு. அடியில் "பராமரிப்பின்றிப் புதர்மண்டிக் கிடக்கும் தனியார் நிலம்" என்று போட்டிருக்கிறீர்கள். படத்திலேயே வேலிப்படலும் அதன்மேல் நான் உலர்த்திய துண்டும் தெரிகின்றன. துண்டு காய்கிற இடத்தில் ஆள் இருப்பான் என்று உங்கள் நிருபருக்குத் தோன்றவில்லை. இருக்கட்டும்.

மொத்தம் ஒன்பது மா, அதாவது ஏறக்குறைய மூன்று ஏக்கர். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அதில் இருந்த தென்னை அத்தனையும் சாய்ந்தது; பனை மட்டும் நின்றது. தென்னைக்கு மரம் ஒன்றுக்கு 600, வெட்டி அகற்ற 500 என்று அரசு அறிவித்தது உங்களுக்குத் தெரியும். என் அப்பா நட்ட தேக்கும் பதினொன்று விழுந்தது. அதை ஏற்றிப்போகச் சான்று வாங்க நான் அலைந்த அலைச்சல் உங்களுக்குத் தெரிந்திருக்காது. சான்று கையில் வந்தபோது பட்டைக்கடியில் வண்டு துளைத்து மாவாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு தென்னை வைக்க மனம் வரவில்லை. வேம்பு, புங்கு, நாவல், இலுப்பை, வாகை, ஓரமாகக் கொஞ்சம் தேக்கு நட்டேன். காரையும் சூரையும் நொச்சியும் தானாக வந்தன. உங்கள் நிருபர் புதர் என்றது இவற்றைத்தான். அதற்குள் ஒரு சீமைக்கருவேலம் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் மண் இளகியிருக்கும்போது கன்றாகவே வேரோடு பிடுங்குகிறேன். வெட்டிவிட்டால் தூரிலிருந்து பத்துக் கிளை வரும். தேக்கு நேராக வளரட்டும் என்று ஆறடிக்கு ஒன்றாக நெருக்கி வைத்திருந்தேன். போன வருஷம் ஒன்றுவிட்டு ஒன்று வெட்டினேன். "பிள்ளை மாதிரி வளர்த்ததை வெட்டுறாரே" என்று தெருவே பேசியது. மிச்சம் நிற்பவை இப்போதுதான் பருக்கின்றன, அடியில் வெயில் இறங்கிப் புல் முளைக்கிறது. கொண்டை போன மொட்டைப்பனை ஒன்றை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அதன் பொந்தில் ஆந்தை இருக்கிறது. எலியை அது பார்த்துக்கொள்வதால், பக்கத்து வயலில் நான் எலிக்கிட்டி (எலிப்பொறி) வைக்காமல் இரண்டு வருஷம் ஆகிறது.

இந்தக் கண்கோளாறு உங்கள் நிருபருக்கு மட்டும் வந்ததல்ல. 2017-இல் நீதிமன்ற உத்தரவுப்படி சீமைக்கருவேலத்தை ஒழிக்கச் சொன்னபோது, கணக்கெடுக்க வந்தவர் என் நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்து எழுதிவிட்டுப் போனார். நாட்டுக் கருவேலம் உருண்டை உருண்டையாக மஞ்சள் பூ பூக்கும், சீமைக்கருவேலம் வால்போல நீளமாகப் பூக்கும். கலப்பை செய்த மரம் எது, கரி மூட்டம் போடும் மரம் எது என்று நம் ஊர் ஆடு மேய்க்கும் பையனுக்குத் தெரியும். இலவசக் கன்று கேட்டால் சித்திரை வெயிலில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். இதைப் பற்றி மூன்று வருஷத்துக்கு முன் நான் எழுதியதை நாலே வரியாகக் கவாத்து செய்து போட்டீர்கள். அந்தக் கலை உங்களுக்கும் கைவந்திருக்கிறது, சந்தோஷம்.

இவ்வளவும் சொல்லக் காரணம், கிராமத்து வருவாய்க் கணக்கான அடங்கலில் என் நிலம் இன்றைக்கும் 'தரிசு'. 'தோப்பு' என்று மாற்றக் கோரி மனு கொடுத்து இரண்டாவது வருஷம் நடக்கிறது. திங்கட்கிழமை போனால், அலுவலக மேசையில் உங்கள் பேப்பர் அந்தப் பக்கத்தில் மடித்து வைத்திருந்தது. "நீங்களே பாருங்க சார், பேப்பர்லயே வந்திருக்கே" என்றார் அங்கிருந்தவர்.

ஆகவே ஒரு சிறு திருத்தம் வெளியிடுங்கள், இரண்டு வரி போதும். "பராமரிப்பின்றி", "புதர்மண்டி" இரண்டையும் எடுத்துவிடுங்கள். 'தனியார் நிலம்' சரிதான், அது இருக்கட்டும்.

இப்படிக்கு,
முப்பத்தொரு வருட வாசகன்,
மதுக்கூர் அருகிலிருந்து