பள்ளிக்கு வராத மாணவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் மென்பொருள் வேண்டிக் கோரிக்கை மனு

பெறுநர்:
மாவட்டக் கல்வி அதிகாரி அவர்கள்,
மாவட்டக் கல்வி அலுவலகம், கோலகங்சார், பேராக், மலேசியா.

அனுப்புநர்:
தோட்டக் குடியிருப்புப் பெற்றோர் சார்பில் ஒரு தாய்,
சுங்கை சிப்புட்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் ஒழுங்காகப் படித்த என் மூத்த மகன், இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்துக்கு முந்தைய ஓராண்டு ஆயத்த வகுப்பான புகுமுக வகுப்புக்குப் போன மூன்றாம் மாதமே மட்டம் போடத் தொடங்கினான். எச்சரிக்கைக் கடிதங்கள், நாங்கள் காலி செய்துவிட்ட பழைய லயத்து முகவரிக்கே போயின. எங்கள் கைக்கு வந்தது கடைசிக் கடிதம் மட்டுமே. தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்த பள்ளிப் பேருந்து நின்றுபோனதுதான் காரணம் என்று ஆலோசக ஆசிரியர் ஒருவரிடம் அவன் முன்பே சொல்லியிருக்கிறான். நல்ல மனிதர், உதவி தேடித் தருவதாகவும் சொன்னாராம். அவர் மாற்றலாகிப் போனபோது அந்தச் செய்தியும் அவரோடு போய்விட்டது. மகனுக்கு இப்போது 17 வயது. கார் கழுவும் கடையில் வேலை செய்கிறான்.

ஆசிரியர்கள் நாள்தோறும் இணையத்தில் வருகையைப் பதிகிறார்கள் என்பதை அறிவோம். ஆனால் பிள்ளை ஏன் வரவில்லை, வீட்டுக்கு யார் சென்றார், என்ன உதவி சொல்லப்பட்டது, அது நடந்ததா என்பவையெல்லாம் குறிப்பேடுகளிலும் புலன (வாட்ஸ்அப்) செய்திகளிலும் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே, வராத நாள்கள் ஓர் அளவைத் தொட்டவுடன் தானாகவே ஒரு கோப்பைத் திறந்து, அதற்குப் பொறுப்பாக ஓர் ஆசிரியரைக் குறித்து, ஒவ்வொரு வீட்டுச் சந்திப்பையும் தேதியோடு பதிந்து, சொன்ன உதவி தவணைக்குள் கிடைக்காவிட்டால் தங்கள் அலுவலகத்துக்கே தெரிவிக்கும் மென்பொருளை இவ்வட்டாரப் பள்ளிகளில் முதற்கட்டமாக அமைத்துத் தருமாறு வேண்டுகிறோம். பிள்ளை தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு மாறும்போது அக்கோப்பும் கூடவே செல்ல வேண்டும்; எங்கள் பிள்ளைகள் நழுவிப்போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அந்த அளவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: அமெரிக்காவின் பல மாநிலங்களில், மருத்துவ விடுப்பையும் சேர்த்து, பள்ளி நாள்களில் 10 விழுக்காடு வராத பிள்ளையைக் கவனத்துக்குரியவராகக் கொள்கிறார்கள். ஆண்டுக்கு 190 பள்ளி நாள்கள் என்றால் அது 19 நாள். மாதத்துக்கு இரண்டு நாள் தவறினாலே எட்டிவிடும் அளவு.

ஒன்றை மட்டும் அஞ்சுகிறோம். நம் நாட்டில் தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயம் என்பதும், பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்பதும் எங்களுக்குத் தெரியும். இக்கோப்பு தண்டனைக்கு வழி தேடுவதாக ஆகிவிட்டால், எந்தத் தாயும் வீட்டு நிலைமையை வாய்திறந்து சொல்லமாட்டாள். மேலும், 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. எனவே குடும்ப வறுமை, நோய், பிறப்புப் பத்திரச் சிக்கல் போன்ற விவரங்களை யார் பார்க்கலாம் என்பதைத் தங்கள் உத்தரவிலேயே எழுதிவைக்கவும், பார்த்தவர் பெயர் பதிவாகவும் கேட்டுக்கொள்கிறோம்.

மலாய் படிக்கத் தெரியாத பெற்றோருக்குத் தமிழிலும் செய்தி அனுப்புவது பேருதவியாக இருக்கும். தாங்கள் அழைக்கும் நாளில், வேலை முடிந்த பின் எந்த நேரமானாலும், நேரில் வந்து விளக்கக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தோட்டக் குடியிருப்புப் பெற்றோர்