டென்டனில் ஒரு வியாழக்கிழமை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவுக்குப் படிக்கச் செல்லும் நம் மாணவர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, டெக்சாஸ் மாநிலத்தின் டென்டன் நகரை 'டல்லாஸுக்குப் பக்கம், செலவு குறைவு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. என் மகள் குடும்பம் அந்த ஊரில்தான் இருக்கிறது. 2014-லும் சென்ற ஆண்டும் மாதக்கணக்கில் அங்கே தங்கியவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

டென்டன் ஓர் இசை ஊர். அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த, மனோதர்மம் நிறைந்த ஜாஸ் இசைக்கு அமெரிக்காவிலேயே முதல் பட்டப்படிப்பு, 1947-ல், இன்றைய நார்த் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. 'ஜாஸ்' என்று சொல்வதே கௌரவக் குறைவாக இருந்த காலம். 'நடன இசைக்குழு' என்று பெயர் வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அங்கே குழுக்களுக்கு ஒத்திகை நேரமே பெயர். பகல் ஒரு மணிக்குக் கூடுவது 'ஒரு மணி' குழு. அதில் இடம் பிடிக்க எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வருகிறார்கள். பண்டிட் ரவிசங்கரின் மகளான பாடகி நோரா ஜோன்ஸ் ஜாஸ் பியானோ படித்த இடம் அது. நம் மிருதங்க வித்வான் பூவாளூர் ஸ்ரீஜி தென்னிந்திய இசை கற்பித்த இடமும் அதுவே. லால்குடிக்காரியான எனக்கு, அவ்வளவு தூரத்தில் எங்கள் பக்கத்து ஊரான பூவாளூரின் பெயர் காதில் விழுந்ததும் கண் கலங்கிவிட்டது.

முதல்முறை போயிருந்தபோது, பழைய நீதிமன்றச் சதுக்கத்துக்கு அருகில் ஓர் உணவகத்தில் வியாழன்தோறும் மூன்று பேர் வாசிப்பார்கள். டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கம்பித் தூரிகையால் தோலைத் தடவுவார். முறத்தில் அரிசி புடைப்பது போலக் கேட்கும். சாக்ஸபோன் வாசித்த பெண் தன் முறை வருமுன் சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொள்வாள். எங்கள் கோயில் நாகஸ்வரக்காரரும் அப்படித்தான் செய்வார். ஒருவர் தனியாக வாசித்து முடித்தவுடன், பாட்டு நடுவிலேயே, சபை கைதட்டும். தனி ஆவர்த்தனம் கேட்டு வளர்ந்த எனக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சென்ற ஆண்டு போனால், அந்த உணவகம் கைமாறியிருந்தது. அவர்கள் உட்கார்ந்த மூலையில் பெரிய டிவி. டிரம்ஸ்காரரை வேறோர் இடத்தில் தேடிப்பிடித்தோம். முன்பு வாரத்தில் நான்கு இரவுகள் வாசித்தவர், இப்போது ஒன்றுதான் என்றார். வாடகைக்குப் பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அன்று கேட்க வந்தவர்கள் எங்களையும் சேர்த்துப் பதினொரு பேர்.

மாற்றம் இன்று நேற்று வந்ததல்ல. பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஃப்ரை தெருவின் பழைய கடைவரிசையை 2007-லேயே இடித்துவிட்டார்கள். ரப்பர் க்ளவ்ஸ் என்ற இசை அரங்கம் 2016-ல் மூடப்பட்டு 2021-ல்தான் மறுபடி திறந்தது. 2004-ல் அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய ஸ்நார்க்கி பப்பி இசைக்குழு நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த பிறகே கிராமி விருது வாங்கியது. நோரா ஜோன்ஸும் 1999-ல் அதே நியூயார்க்குக்குத்தான் போனார். போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அங்கேயே வீடு வாசல் என்று இருந்து, அடுத்த தலைமுறைக்கும் கற்றுக்கொடுக்கிற கலைஞர்களுக்கு மாலையில் உட்கார்ந்து வாசிக்க ஒரு மூலை கிடைக்காமல் போவதுதான் என் வருத்தம். வகுப்பறை எவ்வளவு பெரிதானாலும், எதிரே ஆள் உட்கார்ந்து கேட்டால்தான் வித்தை பழுக்கும்.

டென்டனுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பல்கலைக்கழகக் கச்சேரிகளில் பல இலவசம். கட்டாயம் போகச் சொல்லுங்கள். அதோடு மாதம் ஒரு மாலை ஊருக்குள்ளும் போய்க் கேட்கச் சொல்லுங்கள். வாசிப்பவர் காலடியில் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கும். ஐந்து டாலர் போட்டால் போதும். நாங்கள் போன அன்று அந்த ஜாடியில் முதல் நோட்டை டிரம்ஸ்காரரே போட்டுவைத்ததைப் பார்த்தேன்.

அடுத்த முறை டென்டனைப் பற்றி எழுதும்போது வாடகைக்கு ஒரு வரி என்றால், இவர்களுக்கு இரண்டு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
லால்குடி