எதிர்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு

அன்புடையீர்,

'கடவுள் உண்டா' என்ற ஒரே கேள்வியை வைத்து ஆறு ஞாயிறு மாலைகள் நடந்த கூட்டு வாசிப்பு முடிந்தது. சபையார் ஆறு பேர், பகுத்தறிவாளர் ஆறு பேர். இதற்கு உழைத்தவர்களுக்கு நன்றி சொல்லவே இம்மடல். வழக்கப்படி ஆயரில் தொடங்கியிருக்க வேண்டும், அவர் பொறுத்துக்கொள்வார். முதல் நன்றி கறுப்புச் சட்டை நண்பர்களுக்கு.

'எங்கள் கருத்தை முதலில் நீங்கள் சொல்லுங்கள், சரியாக இருந்தால் பிறகு பேசுவோம்' என்ற நிபந்தனை அவர்கள் போட்டதுதான். திருச்சபைக்கு இது புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் எழுதிய இறையியல் தொகுப்பில் ஒவ்வொரு கேள்வியும் எதிராளியின் வாதத்தோடுதான் தொடங்கும். 'கடவுள் இருக்கிறாரா' என்ற இடத்தில் அவர் வைக்கும் எதிர்வாதங்கள் இரண்டே: உலகில் தீமை இருக்கிறது, இயற்கையை விளக்க இயற்கையே போதும். எழுநூற்றைம்பது ஆண்டுகளாகியும் நாத்திகத்தின் பலமான வாதங்கள் இந்த இரண்டும்தான். அவற்றை எழுதி முடித்த பிறகே கடவுள் உண்டு என்று காட்டும் தம் ஐந்து வழிகளுக்குப் போகிறார்.

மற்ற ஊர்களில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்காக முறையையும் சொல்லிவிடுகிறோம். ஒருவர் ஐந்து நிமிடம் பேசுவார். எதிர்வரிசையில் ஒருவர் அதை அரைத்தாளில் நாலு வரிக்குள் எழுதி வாசிப்பார். பேசியவர் 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்றால் மட்டுமே பதில். இல்லையென்றால் இன்னொரு முறை. அதுவும் தவறினால் பேசியவரே எழுதிக் கொடுத்துவிடுவார். சறுக்கும் இடம் பெரும்பாலும் 'அதாவது நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னா' என்ற தொடக்கம். அதற்குப் பின் வருவது எதிராளியின் கருத்தாக இருக்காது, நமக்குப் பதில் தெரிந்த கருத்தாகத்தான் இருக்கும். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். கூடினால் பாதிப் பேர் பார்வையாளராகிவிடுவார்கள், பேசுகிறவர் எதிரில் இருப்பவரை விட்டுவிட்டுக் கைதட்டலைப் பார்த்துப் பேசுவார், பட்டிமன்றமாகிவிடும்.

அடுத்த நன்றி, இரு தரப்பாரின் 'ஆதாரங்களையும்' சலித்துக் கொடுத்த ஓய்வுபெற்ற நூலகர் அம்மாவுக்கு. யார் சொன்னது, எங்கே அச்சானது, எந்த ஆண்டு என்று மூன்றே கேள்விதான் கேட்பார். வாட்ஸ்அப்பில் வந்த பாதி அதிலேயே உதிர்ந்தது. டார்வின் மரணப் படுக்கையில் மனந்திரும்பினார் என்பது எங்கள் பிரசங்கங்களில் அடிக்கடி வரும் கதை. அவர் இறந்தது 1882இல்; கதை அமெரிக்கக் கிறிஸ்தவ ஏடொன்றில் வந்தது 1915இல்; அவர் மகள் ஹென்ரியெட்டா 1922இல் வெளிப்படையாக மறுத்தார். வேதாகமத்தில் யோசுவாவுக்காகச் சூரியன் நின்றதாகச் சொல்லப்படும் காலத்தில் தொலைந்த ஒரு நாளை நாசாவின் கணினி கண்டுபிடித்ததாம்! எத்தனை நாள் கழிந்தது என்பதற்குக் கணினிக்கு வெளியே தனிக் கணக்கு ஒன்று இருந்தால்தானே ஒரு நாள் குறைகிறது என்று சொல்ல முடியும்? அப்படியொரு கணக்கு யாரிடமும் இல்லை. உண்மையைத் தேடுகிறவன் தன் பக்கத்துப் பொய்யை முதலில் கீழே போட வேண்டும் என்பதால் எங்கள் பட்டியலை முன்னால் வைத்தோம்.

நண்பர்களின் பையிலும் சில இருந்தன. கலிலியோவைச் சபை எரித்தது என்றார்கள். 1600இல் எரிக்கப்பட்டவர் இத்தாலியச் சிந்தனையாளர் புரூனோ. 1633இல் தண்டிக்கப்பட்ட கலிலியோ வீட்டுக் காவலில் இருந்து மறைந்தார். (இது எங்களுக்கு ஆறுதல் தரும் திருத்தம் அல்ல.) வேதாகமத்தில் எந்தெந்தப் புத்தகம் சேர வேண்டும் என்று 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் சங்கத்தில் வாக்கெடுத்தார்கள் என்பது இன்னொன்று. அங்கே பேசப்பட்டது கிறிஸ்து படைக்கப்பட்டவரே என்ற ஆரியுஸின் போதனையும் பாஸ்கா பண்டிகையின் நாளும். அச்சங்கத்தின் இருபது விதிகளில் வேதப் புத்தகப் பட்டியல் கிடையாது. மறுவாரமே அதைத் தங்கள் குறிப்பிலிருந்து அவர்களாகவே அடித்துவிட்டார்கள்.

தமிழ் நாத்திகம் பெரியாரோடு பிறந்தது என்றே எங்களில் பலர் நினைத்திருந்தோம். 1878இல் தொடங்கிய நாத்திகர் அமைப்பான சென்னை இலௌகிக சங்கத்தையும், அது 1880களில் நடத்திய 'தத்துவ விவேசினி' இதழையும் காட்டி அதைத் திருத்தியவர்களுக்கு நன்றி. பேராசிரியர் வீ. அரசு தொகுத்த தொகுதிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாதிரிமாரோடு அச்சங்கத்தார் நடத்திய வாதங்களை ஒவ்வொரு சபையாரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

எபிரேயம் சொல்லிக்கொடுத்த இறையியல் ஆசிரியருக்குப் பெரிய கடன்பட்டிருக்கிறோம். 'தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்' என்ற 14ஆம் சங்கீத வரியை நாத்திகர் முகத்தில் எறிவது நம்மிடையே வழக்கம். மூலத்தில் உள்ள சொல் 'நாபால்'. 1 சாமுவேல் 25இல் வரும் பணக்காரனின் பெயரும் அதுவே. ஆட்டு மயிர் கத்தரிக்கும் நாளில் தாவீதின் ஆட்களுக்கு ஒரு வேளைச் சோறு மறுத்தவன். ஆக மதிகேடு என்பது தர்க்கத்தில் தோற்றதைக் குறிக்கவில்லை. கேட்பார் யாருமில்லை என்று நடப்பதைக் குறிக்கிறது. அதே சங்கீதத்தின் நாலாம் வசனம் அவன் யார் என்று சொல்லிவிடுகிறது: அப்பத்தைத் தின்பதுபோல ஜனத்தைத் தின்கிறவன். அப்படிப்பட்டவன் ஆராதனையில் முதல் வரிசையிலும் உட்கார்ந்திருக்கலாம்.

'நாத்திகம் ஆணவத்தில் பிறப்பது' என்ற பேச்சும் நின்றது. நிறுத்தியவர், பகத்சிங் 1930இல் லாகூர்ச் சிறையில் எழுதிய கட்டுரையை பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவின் தமிழில் வாசித்துக் காட்டிய தம்பி. இதே குற்றச்சாட்டுக்கு மறுமொழியாகத்தான் அந்தக் கட்டுரையே எழுதப்பட்டது. மறுமை உண்டென்று நம்புகிறவனுக்குத் தூக்குக்கயிறு எளிது, எனக்கு அந்தக் கணத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்தே எழுதுகிறான். அதைக் கேட்ட பிறகு ஆணவம் என்ற சொல்லை எடுக்க எங்களுக்கு வாய் வரவில்லை.

ஐந்தாம் வாரம் ஒரு நண்பர் டார்வினையும் தொடவில்லை, கலிலியோவையும் தொடவில்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்துச் சுவரைப் பற்றிக் கேட்டார். அங்கே திருக்குடும்ப ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து நீதிமன்றமும் ஏறினார்கள். கல்லறைத் தோட்டங்களில் இன்னும் நிற்கும் சுவர்களைப் பற்றியும் கேட்டார். அக்குவினாஸிடம் இதற்குப் பதில் கிடையாது. 1965இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏட்டின் 19ஆம் பகுதியில், நாத்திகம் தோன்றுவதில் விசுவாசிகளுக்கே கணிசமான பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டது. அதை வாசித்தோம். 'நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்' என்று சொன்னவரைப் பின்பற்றுகிறோம் என்றால் சத்தியம் எங்களுக்கு ஓர் ஆள். அவரைப் பற்றிய சாட்சி நடப்பில்தான் சோதிக்கப்படும். அதனால் சுவரும் ஆதாரம்தான். கடவுள் இல்லை என்பதற்கு அது போதாது என்று இன்னும் சொல்கிறோம். எங்கள் சாட்சியை நம்ப வேண்டாம் என்பதற்கு அது தாராளமாகப் போதும். கேட்ட அண்ணனுக்கு நன்றி.

கடைசி வாரம் ஒத்துப்போகவில்லை. உலகுக்குள் ஒவ்வொன்றும் எப்படி இயங்குகிறது என்று சொல்லிவிட்டாலும், உலகம் என்று ஒன்று ஏன் இருக்கிறது என்பது மிஞ்சுகிறதே என்றோம். 1948இல் பிபிசி வானொலியில் கோப்பிள்ஸ்டன் பாதிரியாரிடம் தத்துவவாதி ரஸ்ஸல் சொன்னதைத்தான் அவர்களும் சொன்னார்கள்: உலகம் இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு அரைத்தாள்களும் 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்று கையெழுத்தாகிக் கோப்பில் இருக்கின்றன.

நிமிடக் கணக்கை ஆயருக்கும் தளர்த்தாத கல்லூரித் தங்கைக்கும், குட்டு வாங்கியும் கூடத்தைத் திறந்துவைத்த ஆயருக்கும், ஆறு வாரமும் சுண்டல் அவித்த அம்மாமாருக்கும் நன்றி. தத்துவ விவேசினி தொகுதிகளில் ஒன்று இன்னும் திரும்பவில்லை. யாரிடம் இருந்தாலும் நூலகர் அம்மாவிடம் சேர்த்துவிடுங்கள். அது இரவல் வாங்கியது.

இங்ஙனம்,
வாசிப்பில் கலந்துகொண்ட சபையார்